கையில் கொடுத்தனுப்பிய வால்வு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் கையில் ஒரு வால்வைக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும், ஆனால் நினைத்ததைவிடக் கனக்கும். நிக்கல் அதிகம் சேர்ந்த உலோகம் அப்படித்தான். உள்ளே கொல்லன் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு குழல் இருக்கும். அதனால் வாயு துளியும் கசியாது. மருந்து ஆலைக்குப் போகும், ரசாயன ஆலைக்குப் போகும். எதையும் அரித்துவிடும் யுரேனிய வாயுவைக் கையாளுகிற ஆலைக்கும் போகும்.

அந்தக் கடைசிக் காரணத்தால்தான் நம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விற்பனைப் பிரிவு கொண்டுவரும் ஒவ்வொரு வெளிநாட்டு ஆர்டரையும் நிறுத்தி, யாருக்கு, எதற்கு என்று கேட்டு, தில்லியின் அனுமதி வரும்வரை சரக்கை வாசலைத் தாண்ட விடாமல் வைத்திருப்பது நம் வேலை. அதனால் தொழிற்சாலையில் நமக்கு நண்பர்கள் குறைவு. பழகிக்கொள்ளுங்கள்.

நான் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நிர்வாகத்தில் கேட்டார்கள். விதிகளை வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். வகுப்பில் சொல்லாத ஒன்றிரண்டை மட்டும் எழுதுகிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பிரிவுக்கு ஒரு மேலாளர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கும் பிடிக்காது. விதிப் புத்தகத்தை அவர் கையில் அதிகம் பார்த்ததில்லை. ஒரு தடவை கடல் கடந்த ஊர் ஒன்றிலிருந்து பால் பண்ணை ஒன்று நம் வால்வுகளைக் கேட்டு எழுதியிருந்தது. முழுப் பணமும் முன்கூட்டியே தருவதாகச் சொன்னார்கள். விற்பனைப் பிரிவே குதித்துக்கொண்டிருந்தது. அவர் படித்துவிட்டு என்னிடம் தள்ளினார்.

"பால் கெட்டா என்னம்மா ஆகும்?"

"தயிராகும் சார்."

"தயிருக்குப் பயந்து ஒருத்தன் நிக்கல் வால்வு வாங்குவானா?"

அவ்வளவுதான் கேட்டார். நாங்கள் பால் பண்ணைக்கு எழுதி, எந்த இயந்திரத்தில் பொருத்தப் போகிறீர்கள் என்று விசாரித்தோம். பதில் வரவில்லை. பிறகு அந்தப் பண்ணையிடமிருந்து எதுவுமே வரவில்லை. பொருளை மட்டும் பார்க்காதே, வாங்குகிறவனின் தேவைக்கும் பொருளுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார், என்பதுதான் அன்று நான் கற்றது. அதன்பின் எத்தனையோ ஆர்டர்களை அந்தத் தயிரை வைத்தே நிறுத்தியிருக்கிறேன்.

அவர் சொல்லித் தராத ஒன்று இருந்தது. அவர் வெளியூர்க்காரர். நம் ஊர்ப் பழக்கம் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை நான் வேலையோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

காரைக்காலில் யார் வீட்டில் பிரான்சுக்குப் பயணம் என்றாலும் அது தெருவுக்கே பயணம். அங்கே ஆள் இல்லாத குடும்பம் குறைவு. பெட்டி கட்டுகிற நாளில் ஒருவர் வடகம் கொண்டுவருவார், ஒருவர் மாவடு, ஒருவர் பேரனுக்கு இடுப்புக் கொடி. முடியாது என்று யாரும் சொல்வதில்லை. நாளைக்கு நம் பிள்ளைக்கு மருந்து அனுப்ப வேண்டியிருந்தால் அவர்கள் பிள்ளைதான் கொண்டுபோக வேண்டும். எங்கள் தருமபுரம் பக்கத்தில் இதையெல்லாம் சேர்த்து ஒழுங்குபடுத்துகிறவர் செல்வி அக்கா. யார் எப்போது போகிறார்கள், யார் பெட்டியில் எத்தனை கிலோ இடம் மிச்சம் என்பது அவருக்குத் தெரிந்த அளவு விமானக் கம்பெனிக்கே தெரியாது. அவர் மகள் வனிதா கல்யாணமாகிப் பாரிசில் இருக்கிறாள். அங்கே விமான நிலையச் சமையல்கூடத்தில் வேலை.

என் மகள் இனியாவுக்கு மேல்படிப்புக்குப் பிரான்சில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. வேதியியல் படித்தவள். பிரெஞ்சு கற்றுக்கொண்டு, தேர்வு எழுதி, விசா வாங்கி முடிப்பதற்குள் எனக்கு ரத்த அழுத்தமே வந்துவிட்டது. நான் எதற்கும் பயப்படுகிறவள். அவள் பக்கத்திலிருக்கும் சுரக்குடிக்கு என் அப்பாவைப் பார்க்கத் தனியாகப் போனாலே போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்வேன். பாரிசில் இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும் என்றதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

செவ்வாய்க்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துத் தெருவின் பொட்டலங்களை எடை போட்டுக்கொண்டிருந்தோம். செல்வி அக்கா கடைசியாக ஓர் இனிப்புக்கடை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். ஏதோ மோட்டார் சாமானாம், பாரிசில் நம் ஊர்க்காரர் ஒருவர் விமான நிலையத்துக்கே வந்து வாங்கிக்கொள்வாராம், தெரிந்த தம்பி ஒருத்தர் கொடுத்தார் என்றார்.

"டப்பா சின்னதுதான், கனம் மட்டும் கல்லு மாதிரி. கைப்பையில வெச்சிக்க கண்ணு," என்று இனியாவிடம் சொல்லிவிட்டு, வீட்டில் சாம்பார் அடுப்பில் இருப்பதாகக் கிளம்பிப் போனார்.

நான் டப்பாவைத் தூக்கினேன். இருபது வருடங்களாக அந்தக் கனத்தைத் தூக்கிய கை. திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே புதுத் துண்டு. துண்டைப் பிரித்தால் நம் வால்வு.

ஒளித்து வைக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அடிபடாமல் இருக்கத்தான் துண்டு. கொடுத்தவருக்கு இதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை என்பது அந்தத் துண்டைப் பார்த்தாலே தெரிந்தது. யார் என்று யோசிக்கவும் தேவைப்படவில்லை. பாரிசுக்கு அருகே சின்ன வர்த்தக அலுவலகம் ஒன்று பெரிய ஆர்டர் கொடுத்து, முதலில் மாதிரி அனுப்பச் சொல்லியிருந்தது. கடைசியில் பயன்படுத்தப் போவது யார் என்று நான் கேட்டதற்கு, வேறொரு நாட்டு ரசாயனக் கம்பெனி என்பதற்கு மேல் அவர்கள் சொல்லவில்லை. ஆகவே அது என் மேசையில் நின்றுகொண்டிருந்தது. அந்த ஆர்டர் விற்பனைப் பிரிவில் சரவணனுடையது. நல்ல பையன். வருடம் முடிவதற்குள் இலக்கை எட்டவில்லை என்றால் வேலை நிரந்தரமாகாது என்ற நிலையில் இருந்தான். அவன் மனைவி அப்போது பிள்ளை பெற்றுத் தாய் வீட்டில் இருந்தாள்.

போன் பண்ணினேன். மறைக்கவில்லை.

"ஆமாங்க மேடம், நான்தான் கொடுத்தேன். உங்க வீட்டுக்கு வரும்னு சத்தியமாத் தெரியாது."

"அனுமதி வரலன்னு தெரியும்ல?"

"ஆர்டருக்குத்தானே மேடம் அனுமதி? இது மாதிரி. பில்லு இல்ல, காசு இல்ல. கைல கொண்டு போறது எப்படி ஏற்றுமதி ஆவும்?"

உங்களில் யாருக்காவது இந்த எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்தி அழித்துவிடுங்கள். விலை இல்லாவிட்டாலும் ஏற்றுமதிதான். ஒன்றே ஒன்று என்றாலும் ஏற்றுமதிதான். கப்பலில் போனாலும் கல்லூரிப் பெண்ணின் கைப்பையில் போனாலும் எல்லை தாண்டினால் ஏற்றுமதிதான். வரைபடத்தைப் போனில் அனுப்பினாலும் அதேதான். சரவணன் இதை வகுப்பில் கேட்டிருக்கிறான், வகுப்பு எடுத்ததே நான்தான். ஆனால் ஏற்றுமதி என்றால் அவன் மனதில் கன்டெய்னர்தான் இருந்திருக்கிறது. கையில் கொடுத்தனுப்புவது என்பது நம் ஊரில் வேறு கணக்கு. அது உறவு, உதவி. அதில் சட்டம் நுழையும் என்று யாருக்கும் தோன்றாது.

அடுத்த அரை மணி நேரத்தில் தானே வந்து வாங்கிக்கொள்வதாகவும் இனி இப்படிச் செய்யவே மாட்டேன் என்றும் சரவணன் கெஞ்சினான். போனை வைத்தேன்.

என் கணவர் பள்ளி ஆசிரியர். சத்தம் போடுகிறவர் இல்லை. வால்வைத் துண்டோடு ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அவன் வந்தால் கொடுத்து அனுப்பு என்றார். எதுவும் நாட்டைத் தாண்டவில்லை, ஒரு பொருள் வீட்டுக்கு வந்தது, திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். புகார் என்று போனால் பொருள் யார் பெட்டியில் இருந்தது என்று கேட்பார்கள். அணுசக்தி என்ற சொல்லோடு பிள்ளையின் பெயர் ஒரு தடவை எழுதப்பட்டால் யார் அழிப்பது? விசா கொடுத்தவன் அதைத் திருப்பி வாங்க எவ்வளவு நேரம் ஆகும்?

அவர் சொன்ன ஒவ்வொன்றும் நான் சொல்லியிருக்க வேண்டியது. நானும் அதையேதான் நினைத்தேன். இனியா பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரவணன் வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கொடுக்கத்தான் போனேன். கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். இருபது வருடத்துப் பழக்கம், வாய் தானாகக் கேட்டது.

"இதுதான் முதலா தம்பி?"

அவன் தெருவைப் பார்த்தான்.

"ஒண்ணு போயிருச்சு மேடம். அது அளவு சரியில்லன்னு சொன்னாங்க. அதான் இது."

ஒரு வால்வு ஏற்கெனவே போய்விட்டது. யாருடைய பெட்டியிலோ. போய், அளந்து பார்த்து, வேறு அளவு வேண்டும் என்று பதிலும் வந்துவிட்டது. அப்படியென்றால் அது பாரிசில் யாருடைய மேசையிலும் சும்மா கிடக்கவில்லை. எங்கோ ஏதோ ஒன்றில் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். நான் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் என் மகள் தப்பிவிடுவாள். போனது போனதுதான். அடுத்ததும் வேறொரு பெட்டியில் போகும், வேறொரு வீட்டுப் பிள்ளையின் கையில்.

டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். சரவணன் கொஞ்ச நேரம் வாசலில் நின்றிருந்துவிட்டுப் போனான்.

நிறுவனத் தலைவருக்குப் போன் செய்தேன். என்ன நடந்தது என்று தொடங்கவில்லை. "சார், இந்த விஷயத்த இனிமே நான் தொடக் கூடாது. இதுல என் பொண்ணு இருக்கா," என்று தொடங்கினேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அந்த வாக்கியத்தை முதலில் சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. முதலில் வால்வு, பிறகு சரவணன், பிறகு பாரிஸ் என்று பேசிக்கொண்டே போனால், கடைசியில் இனியாவை "ஒரு பயணி" என்று சொல்லி முடித்திருப்பேன். சொந்தப் பிள்ளை, சொந்தத் தம்பி, சொந்த மருமகன் என்று எப்போதாவது உங்களுக்கும் வரும். அந்தப் பெயரை முதல் வாக்கியத்தில் வைத்துவிடுங்கள்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, டப்பாவை யாரும் தொட வேண்டாம், வக்கீலோடு வருகிறேன் என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது இனியா பெட்டியிலிருந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "செவ்வாக்கிழம இல்லதானே?" என்று மட்டும் கேட்டாள். நான் தெரியாது என்றேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

நிறுவனம் தானாகவே அரசுக்குத் தெரிவித்தது. அதிகாரிகள் வந்தார்கள். நான் இத்தனை காலம் உட்கார்ந்த அறையில், மேசைக்கு அந்தப் பக்கம், பதில் சொல்கிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மரியாதையாகத்தான் கேட்டார்கள். இனியாவையும் அழைத்தார்கள். விசாரணை முடியும்வரை ஊரில் இருந்தால் நல்லது என்றார்கள். விமானம் போய்விட்டது. சேர வேண்டிய நாளும் போய்விட்டது. கல்லூரியிலிருந்து, அடுத்த வருடம் வரலாம், ஆனால் உதவித்தொகைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது.

சரவணனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதைத் தடுக்க முயன்றேன், முடியவில்லை. இலக்கை அவன் தலையில் வைத்தவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். நிர்வாகம் இந்த வரியை அடிக்காமல் விட்டால் நீங்கள் படிப்பீர்கள்.

பாரிஸ் அலுவலகத்தின் பெரிய ஆர்டர் நின்றது. முதல் வால்வு அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போயிருக்கிறது என்பது வரை தெரிந்தது. அதற்கப்பால் எங்கே என்று எனக்குத் தெரியாது. யாருக்காவது தெரியுமா என்றும் தெரியாது. அதைக் கொண்டுபோனது யார் என்றும் அப்போது எனக்குத் தெரியாது. விஷயத்திலிருந்து நானாக விலகியவள், கேட்கக் கூடாது.

இனியா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் பதில் வரும். சாப்பிடக் கூப்பிட்டால் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். தெருவிலும் அப்படித்தான். பொட்டலம் கொடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் வடகம் கொடுத்தாலும் போலீஸ் வருமாம் என்று யாரோ சொன்னதாக என் காதுக்கு வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் செல்வி அக்கா வந்தார். வழக்கமாகச் சமையற்கட்டு வரை வருகிறவர், அன்று கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் கணவர் எழுந்து நின்றார், அக்கா அவரைப் பார்க்கவில்லை.

"வனிதாவக் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க. அங்க," என்றார்.

முதல் வால்வு யார் பெட்டியில் போனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வனிதா விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போன நாள் எனக்கு நினைவிருந்தது. நானும் போய் வழியனுப்பிவிட்டு வந்தவள்.

விமான நிலையத்துக்குள் போவதற்கான அனுமதி அட்டையை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். அட்டை இல்லாமல் வேலை இல்லை. மாப்பிள்ளை வீட்டில் என்ன கொண்டுபோனாய், யார் கொடுத்தது, எவ்வளவு வாங்கினாய் என்று கேட்கிறார்களாம். எங்கள் தெருவில் ஒரு பொட்டலத்துக்கும் யாரிடமும் பத்து ரூபாய் வாங்காத செல்வி அக்காவின் மகளிடம்.

நான் விளக்கப் பார்த்தேன். தெரியாமல் கொண்டுபோனவர் மேல் பெரும்பாலும் நடவடிக்கை வராது, நாங்கள் முன்வந்து சொன்னதால் அவளுக்கும் நல்லதுதான், இல்லாவிட்டால் பின்னால் அவர்களாகக் கண்டுபிடித்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும் என்றெல்லாம். எல்லாம் உண்மைதான். அக்கா முடியும்வரை கேட்டார்.

"அந்தச் சாமானப் பத்தி உனக்கு எத்தன வருஷமாத் தெரியும்?"

"இருபது வருஷம்க்கா."

"நம்ம தெருவுலேருந்து பொட்டலம் போறது?"

என் பதிலுக்குக் காத்திருக்காமல் அக்காவே தொடர்ந்தார்.

"உன் பொண்ணு பெட்டின்னதும் தூக்கிப் பாத்த, பிரிச்சுப் பாத்த. என் பொண்ணு போனப்ப வாசல்ல நின்னு கைய ஆட்டுன. உனக்குத் தெரிஞ்சத எங்கள்ல ஒருத்திக்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது.

இனியா அறையிலிருந்து வெளியே வந்தாள். செல்வி அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"வனிதாக்காவுக்கு வந்த கடுதாசிய அனுப்பச் சொல்லுங்க பெரியம்மா. பதில் எழுதணும்னா நானும் கூட உக்காந்து பாக்குறேன். என்கிட்ட கேட்டத அவங்ககிட்டயும் கேப்பாங்க," என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, நீயும் வா," என்றாள்.

இதை எழுதும்போதும் வனிதாவின் அட்டை திரும்ப வரவில்லை. வந்துவிடும் என்று வக்கீல் சொல்கிறார். செல்வி அக்கா எங்கள் வீட்டுக்கு வருகிறார், ஆனால் நாற்காலியில்தான் உட்காருகிறார். இனியா உதவித்தொகைக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள்.

வேலையை ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்கிறேன். அதுவும் பொய்யில்லை. ரத்த அழுத்தம் இன்னும் குறையவில்லை. ஆனால் அலுவலகத்தில் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு இனி வேறு மாதிரி ஆள் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் தொழிற்சாலை வாசலை இருபது வருடம் காவல் காத்தேன். நம் ஊரில் அது ஒன்றுதான் வாசல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரசு விதி, பட்டியல், அனுமதி எல்லாம் நாளைக்குப் படித்துக்கொள்ளலாம். இன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் அடுத்து யார் பயணம் போகிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, நாம் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.